காய்ச்சலும் கழிச்சலும்

ரவாங் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்ட அளவில் வரலாற்று மாணவரின் நினைவுக்கு வருவன ஈயச் சுரங்கமும் மின்விளக்குமே ஆகும். 1894-ஆம் ஆண்டளவில் கா. தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் தங்கள் ஈயச் சுரங்கத் தொழிலில் மின்னாற்றலைப் பயன்படுத்தி, மலாயாவிலேயே முதலில் மின்னொளி கண்ட ஊர் என்னும் பெருமையை ரவாங்கிற்குத் தேடித் தந்தனர். அங்கிருந்து மேற்கே சென்றால் கோலசிலாங்கூர் மாவட்டம் வரும். அங்கே, தமிழ்ப் பெயரையே தாங்கி நின்ற தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டில் ஆன்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வாணிக எண்ணெய்ப்பனைப் பயிரைத் தொடங்கினார். இவ்விரண்டு ஆண்டுகளும் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டன. ஆனால் எண்ணெய்ப்பனை நட்ட மறு ஆண்டாகிய 1918 நம் மாணவர் பலருக்குத் தெரியாது. முதல் உலகப் போர் முடிவுற்ற ஆண்டு என்று மட்டுமே அதனை அவர்கள் அறிவர்.

அந்த ஆண்டில்தான் இன்புளுவென்சா என்னும் கொடிய சளிக்காய்ச்சல் உலகை வலம் வந்தது. இந்தியாவில் மட்டும் 1 கோடியே 20 இலட்சம் முதல் 2 கோடி வரையிலான மக்கள் அதற்கு இரையாயினர் என்று ஆய்வாளர் கணிக்கின்றனர். 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற்கும் 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற்கும் இடையே இந்தியாவின் மக்கள்தொகை குறைந்தது. அந்நாட்டின் கணக்கெடுப்பு வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றே. மலாயாவிலும் பல்லாயிரம் உயிர்கள் மாண்டன. அவ்வுயிர்களுள் தோட்டத் தமிழர் உயிர்கள் மிகுதி. ஆயினும் அவர்களின் சாவு எந்தப் பெயரால் எழுதப்பட்டது என்பது ஒரு வினாவாகவே இருந்து வருகிறது. அவ்வினாவின் ஒரு பகுதி, மூச்சு நோய் வயிற்று நோயாய்த் தோற்றம் கொள்வதில் அடங்கியிருக்கிறது.

நோய் வந்த வழி

1918-இன் நடுப்பகுதியில் இன்புளுவென்சாவின் முதல் அலை கப்பல் வழியே சிங்கப்பூரை அடைந்தது. அது பெரும்பாலும் மென்மையான காய்ச்சலாகவே கடந்து சென்றது. அவ்வாண்டு அக்டோபர் மாதம் எழுந்த இரண்டாம் அலையே உயிர் குடித்த அலை. துறைமுகத்திலிருந்து இருப்புப் பாதை வழியே நகரங்களுக்கும், நகரங்களிலிருந்து தோட்டங்களுக்கும் அது சில நாள்களில் பரவியது. ஈயத்தையும் ரப்பரையும் ஏற்றிச் செல்ல அமைத்த பாதையே நோயையும் ஏற்றி வந்தது.

தோட்டத்து லயங்களின் அமைப்பு நோய்க்கு உகந்ததாக அமைந்திருந்தது. நீண்ட பலகை வீட்டின் சிறு அறையொன்றில் ஒரு குடும்பம், சில இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் உறங்கின. அறைக்கும் அறைக்கும் இடையே இருந்த தடுப்பு கூரையைத் தொடுவதில்லை. ஓர் அறையில் இருமினால் அதன் காற்று அடுத்த அறைக்கும் செல்லும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் அனைவரும் நெருங்கி நின்றாக வேண்டும். இத்தகைய வாழ்க்கையில் ஒருவருக்கு வந்த காய்ச்சல் மற்றவரைத் தொடாதிருத்தல் அரிது.

இந்த நோய்க்கு மற்றொரு கொடிய இயல்பும் இருந்தது. சாதாரணச் சளிக்காய்ச்சல் குழந்தைகளையும் முதியோரையுமே கொல்லும். 1918-ஆம் ஆண்டு நோயோ இருபது முதல் நாற்பது வயதுக்கு உட்பட்ட திடகாத்திரமானவர்களைத் தேடிக் கொன்றது. கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளருள் பெரும்பாலோர் அவ்வயதினரே. முதியோரையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு உழைக்கும் வயதினர் மட்டுமே கடல் கடந்து வந்து வாழ்ந்த சமுதாயத்தில், அவ்வயதினரைக் கொல்லும் நோய் என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1911-ஆம் ஆண்டிற்குப் பின் குறைந்திருந்த தோட்டத் தொழிலாளர் இறப்பு விகிதம் 1918-இல் மீண்டும் திடீரென உயர்ந்தது.

பேதி என்னும் பெயர்

தோட்டத்து மக்கள் நோய்களை அறிந்தவர்கள். எந்த நோய்க்கு அஞ்ச வேண்டும் என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது. முதலில் அஞ்சியது மலேரியாக் காய்ச்சலுக்கு. அடுத்து வாந்திபேதிக்கும் சீதபேதிக்கும். நாகப்பட்டினத்தில் கப்பலேறும் முன்னரும், பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் இறங்கிய பின்னரும் அதிகாரிகள் தொழிலாளரைத் தடுத்து வைத்ததற்கு அம்மை நோயோடு வாந்திபேதியைப் பற்றிய அச்சமும் முதன்மைக் காரணமாகும். ஆகவே ஒருவர் காய்ச்சலோடு வாந்தியும் எடுத்து, வயிற்றுப்போக்கும் கண்டு படுத்துவிட்டால், லயத்தில் உள்ளவர்களுக்கும் தோட்டத்து டிரஸ்ஸருக்கும் முதலில் தோன்றும் பெயர் பேதி என்பதாகவே இருந்திருக்கும். அவ்வாறு தோன்றியதில் குற்றமில்லை. ஏனெனில் உலகின் பெரிய மருத்துவர்களும் அவ்வாறே தடுமாறினர்.

1918-இல் பல நாடுகளில் இன்புளுவென்சா நோயாளிகளை முதலில் வாந்திபேதி என்றும், குடற்காய்ச்சலாகிய டைபாய்டு என்றும், டெங்கு என்றும் மருத்துவர்கள் தவறாகக் குறித்தனர். மூக்கிலிருந்து மட்டுமன்றி இரைப்பையிலிருந்தும் குடலிலிருந்தும் குருதி கசிந்த நோயாளிகளும் இருந்தனர். இத்தடுமாற்றம் அன்று தோன்றியதும் அன்று. 1889-ஆம் ஆண்டு முதல் உலகைச் சுற்றிய உருசியக் காய்ச்சலின்போதே இவ்வேறுபாட்டை மருத்துவர்கள் கண்டிருந்தனர். அக்காலத்து மருத்துவ மாணவர் அனைவரும் கற்ற பாடநூலை எழுதிய சர் வில்லியம் ஆஸ்லர், இன்புளுவென்சாவை மூச்சு வகை, நரம்பு வகை, வயிற்று வகை, வெறுங்காய்ச்சல் வகை எனப் பிரித்துக் காட்டினார். வயிற்று வகையில் வாந்தியும் வயிற்று வலியும் கழிச்சலும் முன் நிற்கும். இருமல் பின்னரே வரும், அல்லது மிகக் குறைவாக இருக்கும்.

தமிழ் மருத்துவ மரபும் இதனை அறியாததன்று. சுரத்தைப் பல வகைகளாகப் பிரித்த சித்த மருத்துவர், காய்ச்சலும் கழிச்சலும் ஒன்றாக வரும் நிலையைத் தனியே எண்ணினர். 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோய் இன்னதென அறிதலையும் அதன் காரணத்தை அறிதலையும் தீர்க்கும் வழிக்கு முன்னே வைத்தார். அவ்வரிசை தற்செயலானதன்று. முதற்படி தவறினால் அடுத்த படிகள் அனைத்தும் தவறும் என்பதற்கு 1918-ஆம் ஆண்டு ஒரு சான்று.

காரணம் அறியாத காலம்

அக்காலத்தில் இன்புளுவென்சாவின் காரணம் எவருக்கும் தெரியாது. 1892-இல் ரிச்சர்டு ஃபைபர் என்னும் செர்மானியர் கண்டறிந்த ஒரு பாக்டீரியாவே அதற்குக் காரணம் என்று பலர் நம்பினர். கோலாலம்பூரில் 1900-ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டிருந்தது. கிள்ளான் வட்டாரத்தில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்திக் காட்டியிருந்தார். இவ்வளவு முன்னேற்றம் கண்ட நாட்டிலும் இன்புளுவென்சாவுக்கு எதிராகக் கையில் மருந்து எதுவும் இல்லை. மலேரியாவுக்குரிய கொயினாவையே இதற்கும் கொடுத்தனர். அது பயன் தரவில்லை. மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சா வைரசை இலண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டபர் ஆண்டுரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகியோர் பிரித்தெடுத்தது 1933-இல்தான்.

1918-இல் இறந்தவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது வைரசைத் தொடர்ந்து நுரையீரலில் புகுந்த பாக்டீரியாவால் விளைந்த நிமோனியா என்பது பிற்கால ஆய்வுகளால் தெளிவாயிற்று. அன்று பெனிசிலின் இல்லை. ஆகவே பிழைப்பதற்கு இருந்த வழி நல்ல செவிலியம் ஒன்றே: படுக்கை ஓய்வு, காற்றோட்டம், தூய நீர், இளஞ்சூட்டுக் கஞ்சி, அருகிலிருந்து கவனிக்க ஓர் ஆள். இங்கேதான் நோயின் பெயர் உயிரோடு தொடர்பு கொள்கிறது.

பேதி என்று கருதப்பட்ட நோயாளிக்கு உணவையும் சில வேளை நீரையும் நிறுத்துவது அக்கால வழக்கம். பட்டினியே பெரு மருந்து என்னும் நம்பிக்கை நம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருந்தது. காய்ச்சலாலும் வாந்தியாலும் கழிச்சலாலும் உடலில் நீர் வற்றிக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்நம்பிக்கை என்ன விளைவைத் தந்திருக்கும்? மேலும், பேதி நோயாளி கிடத்தப்படும் கூடத்தில் மூச்சு நோயாளியைக் கிடத்தினால், அங்கே ஏற்கெனவே சீதபேதியால் நலிந்து கிடந்தவர்களுக்கு இன்புளுவென்சா தொற்றும். இன்புளுவென்சா நோயாளிக்குச் சீதபேதி தொற்றும். மருத்துவமனைக்குச் சென்றவர் திரும்பி வருவதில்லை என்று லயங்களில் நிலவிய அச்சத்திற்கு இத்தகைய அனுபவங்கள் வலுவூட்டின. அச்சம் காரணமாக நோயாளியை மறைத்தனர். மறைத்ததனால் காலம் கடந்தது.

இவற்றோடு பசியும் சேர்ந்தது. 1918-இல் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. 1919-இல் அரிசி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, பர்மா அரிசியை நம்பியிருந்த மலாயாவில் தட்டுப்பாடு நேர்ந்தது. நோயிலிருந்து எழுந்த தொழிலாளி உடல் தேறுவதற்குரிய சோற்றுக்கே விலை ஏறியிருந்தது.

ஏடுகளில் மறைந்தவர்கள்

வரலாற்று மாணவர் இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். நோய்க்கு எத்தனை பேர் பலியாயினர் என்று கணக்கிடுபவர், இறப்புப் பதிவேட்டில் 'இன்புளுவென்சா' என்று எழுதிய பெயர்களை மட்டும் எண்ணினால் உண்மையை எட்ட முடியாது. காய்ச்சல் என்றும், நிமோனியா என்றும், பேதி என்றும் எழுதிய வரிகளுள்ளும் அந்நோயால் இறந்தவர்கள் இருப்பர். எனவே ஆய்வாளர் வேறொரு வழியைக் கையாளுகின்றனர். நோயற்ற முந்தைய ஆண்டுகளில் அதே மாதங்களில் எத்தனை பேர் இறந்தனர் என்று பார்த்து, நோய் வந்த மாதங்களில் அதற்கு மேல் இறந்தவர்கள் எத்தனை பேர் எனக் கணிக்கின்றனர். மேலே சொன்ன இந்திய மதிப்பீடுகளுள் சில இவ்வழியில் பெறப்பட்டவையே. கணிப்புக்குக் கணிப்பு எண் மாறுவதற்கும் இதுவே காரணம்.

பெயர் தவறாக எழுதப்பட்ட ஒருவர் இரு முறை இழக்கப்படுகிறார்: உயிரோடிருந்தபோது தக்க சிகிச்சையை இழந்தார், இறந்த பின் வரலாற்றில் தமக்குரிய இடத்தை இழந்தார். தோட்டத்து மயானங்களில் கல்வெட்டு இல்லாத மேடுகள் பல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறிய இடங்களில் அம்மேடுகளும் மறைந்துவிட்டன.

பிழை தொடர்ந்த கதை

இத்தகைய தடுமாற்றம் பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1998, 1999 ஆண்டுகளில் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைத் தொழிலாளரைத் தாக்கிய மூளைக்காய்ச்சலை முதலில் கொசுவால் பரவும் சப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினர். கொசு ஒழிப்பும் தடுப்பூசியும் பயன் தரவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரசு ஒன்றைக் கண்டறிந்த பின்னரே நிப்பா நோயின் உண்மை வெளிப்பட்டது. அதற்குள் பலர் மாண்டனர். நிப்பா வயிற்று நோயன்று. எனினும் தவறான பெயர் தவறான பாதுகாப்பைத் தரும் என்பதற்கு இந்நாட்டிலேயே கிடைத்த சான்று அது.

2003-இல் சார்ஸ் நோய் ஹாங்காங் நகரின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அங்கே நோயுற்றவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு வயிற்றுப்போக்கு இருந்தது. கழிவுநீர்க் குழாய்களின் குறைபாட்டால் ஒரு நோயாளியின் கழிவிலிருந்த வைரசு மாடிக்கு மாடி பரவியது என்று விசாரணையில் தெரிந்தது. மூச்சு நோய் குடல் வழியாகவும் வெளிப்படும் என்பதை மருத்துவ உலகம் மறுக்க முடியாதவாறு உணர்த்திய நிகழ்ச்சி அது. 2009-ஆம் ஆண்டின் எச்1என்1 காய்ச்சலிலும், அமெரிக்காவில் முதலில் ஆராயப்பட்ட நோயாளிகளுள் நால்வரில் ஒருவர் அளவுக்கு வாந்தியும், அதே அளவுக்கு வயிற்றுப்போக்கும் காணப்பட்டன. குழந்தைகளிடம் இவ்வறிகுறிகள் பெரியோரைக் காட்டிலும் மிகுதி.

2020 சனவரி 25-ஆம் நாள் மலேசியாவில் கோவிட்-19 முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. அதே மாதத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கண்ட முதல் நோயாளிக்குக் குமட்டலும் வாந்தியும் இருந்தன. பின்னர் வயிற்றுப்போக்கும் வந்தது. மலத்திலும் வைரசு இருந்தது. அந்த வைரசு நுழைவதற்குப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்னும் புரதம் நுரையீரலில் மட்டுமன்றிச் சிறுகுடலின் உட்சுவரிலும் செறிந்திருப்பது இதற்குரிய விளக்கமாகும். ரவாங்கிற்கும் கோலசிலாங்கூருக்கும் அணித்தாக உள்ள சுங்கை பூலோ மருத்துவமனையே அந்நோய்க்கெனச் சிலாங்கூரில் ஒதுக்கப்பட்ட தலைமை மருத்துவமனையாக விளங்கியது.

நோயாளியின் முடிவு

வயிற்றுக் குறிகள் உடையவர் பிழைப்பது அரிதா, எளிதா என்னும் வினாவை ஆராய்ச்சியாளர் பலர் எழுப்பினர். சீனாவின் ஊபே மாநிலத்தில் 2020-இல் நடந்த தொடக்க ஆய்வொன்று, அத்தகையோர் மருத்துவமனைக்கு வருவதற்கு மற்றவர்களைவிட அதிக நாள்கள் கடந்திருந்தன என்றும், அவர்களின் நிலை மோசமாக இருந்தது என்றும் கூறியது. நியூயார்க்கில் நடந்த பிறிதோர் ஆய்வு, வயிற்றுக் குறிகள் உடையோரிடம் இறப்புக் குறைவு என்று கண்டது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இறப்பைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை என்ற முடிவுக்கு வந்தனர். மேலோட்டமாகப் பார்த்தால் இவை ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும். உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். வயிற்றுப்போக்கு தானே சாவின் தூதன் அன்று. அது நோயின் பெயரை மறைத்து, நோயாளியைக் காலம் தாழ்த்தி மருத்துவரிடம் அனுப்பும்போதே ஆபத்து விளைகிறது. குறியை அறிந்து உடனே சோதித்த இடத்தில் அந்த ஆபத்து இல்லை.

முடிவைக் காட்டும் குறி மூச்சிலேயே இருக்கிறது. 1918-இல் முகமும் உதடும் நீலம் பாரித்த நோயாளி பிழைப்பது அரிது என்று மருத்துவர்கள் கண்டனர். 2020-க்குப் பின் விரலில் மாட்டும் சிறு கருவி அதே செய்தியை எண்ணாகக் காட்டியது. மூச்சுத் திணறலை உணராமலே உயிர்வளி குறைந்துபோன நோயாளிகள் பலர் இருந்தனர். 2021-இன் நடுவில், இறந்த நிலையிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டோரைப் பற்றிய செய்திகள் இந்நாட்டில் நாள்தோறும் வந்தன. வருவதற்குத் தாமதமானவர்கள் அவர்கள். மலேசியாவில் கோவிட் நோய்க்கு 36,000-க்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

நீர் வற்றுதல் மற்றோர் ஆபத்து. இதற்குரிய மருந்து 1918-இல் இல்லை. இன்று மிக எளியது. உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்த நீர் குடலில் உட்கொள்ளப்படும் என்பது 1960-ஆம் ஆண்டுகளில் தெளிவாயிற்று. 1971-இல் வங்கதேச அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலானபிஸ் அதனைப் பெருமளவில் பயன்படுத்தி, வாந்திபேதிச் சாவுகளை வெகுவாகக் குறைத்துக் காட்டினார். காய்ச்சலோடு கழிச்சல் கண்டவருக்கு நீரை நிறுத்துவதன்று, நீரைக் கொடுப்பதே மருத்துவம் என்பது அதனால் நிலைபெற்றது.

இங்கு ஒரு வேறுபாட்டை மாணவர் அறிதல் நன்று. 'வயிற்று ஃபுளூ' என்று பேச்சில் வழங்கும் வாந்தியும் பேதியும் பெரும்பாலும் இன்புளுவென்சா அல்ல. அவை நோரோ வைரசு, ரோட்டா வைரசு முதலிய வேறு கிருமிகளால் வருவன. உண்மையான இன்புளுவென்சாவோ காய்ச்சல், உடல்வலி, இருமல் ஆகியவற்றோடு வரும். வயிற்றுக் குறி அவற்றின் துணையாக நிற்கும். ஆகவே வயிற்றுப்போக்கைக் கண்டு மூச்சு நோயை மறுத்தலும் தவறு. ஒவ்வொரு வயிற்றுப்போக்கையும் மூச்சு நோய் எனக் கொள்ளுதலும் தவறு. காய்ச்சலும் இருமலும் உடனிருக்கின்றனவா, அருகில் பிறர்க்கும் அவ்வாறு இருக்கிறதா என்று பார்த்தலே முறை.

பள்ளிக்கூடத்தின் கடமை

வகுப்பறையில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால், காலையில் தின்ற பண்டத்தின் மேல் பழி போட்டு, மூலையில் படுக்க வைப்பதே வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. அப்பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, மூச்சின் வேகத்தையும் உதட்டின் நிறத்தையும் கவனித்து, பெற்றோருக்கு உடனே சொல்லி அனுப்பும் ஆசிரியர், 1918-இல் தோட்டத்து லயத்தில் எவருக்கும் கிடைக்காத ஒன்றை அப்பிள்ளைக்குத் தருகிறார்.

மற்றொரு கடமையும் உண்டு. ரவாங், செரெண்டா, பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான் வட்டாரங்களில் பிறந்த முதியோர் தங்கள் பாட்டன் பாட்டியிடம் கேட்ட செய்திகள் இன்னும் சில வீடுகளில் வாழ்கின்றன. 'பெரிய காய்ச்சல் வந்த வருசம்' என்றும் 'பேதி வந்த வருசம்' என்றும் அவை வழங்கலாம். அவ்விரண்டு பெயர்களும் ஒரே ஆண்டைக் குறித்தல் கூடும். மாணவர் அவற்றைக் கேட்டு, ஊரும் தோட்டமும் ஆண்டும் குறித்து எழுதி வைப்பாராயின், பதிவேட்டில் தவறான பெயரோடு கிடக்கும் நம் முன்னோருள் சிலருக்கேனும் உரிய இடம் கிடைக்கும். 1894-ஐயும் 1917-ஐயும் கற்பிக்கும் வகுப்பில் 1918-ஐயும் கற்பிப்பதற்கு அதுவே தொடக்கமாகும்.